ஒரே எண்ணில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

பிப்ரவரி 10, திங்கள்

உறையூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, மாடிப்படி முடியும் இடத்தில், கை அகலப் பலகையில் ‘மா.வ. சங்கம்’ என்று எழுதியிருக்கிறது. மாட்டு வண்டிச் சங்கமா, மாம்பழ வணிகர் சங்கமா என்று தேடி வருகிறவர்தான் யோசித்துக்கொள்ள வேண்டும். முழுப் பெயர் மாற்றுவழி சங்கம். குடலில் புற்றுநோயோ தீராத புண்ணோ வந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு, வயிற்றில் ஒரு துளை வைத்து மலம் அதன் வழியாக ஒரு பையில் சேரும்படி விடுவார்கள். அந்தத் துளைக்கு ஸ்டோமா என்று பெயர். பையை ஆயுள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட அறுநூற்று நாற்பது பேருக்கு இந்தச் சங்கம் மாதாமாதம் பைகளை வரவழைத்துக் கொடுக்கிறது. அவர்கள் பதிவு செய்துகொள்ளும் இணையதளம் அரதப் பழசு. அதைப் புதிதாக வடிவமைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

பெங்களூர் வேலையிலிருந்து ஓர் இடைவேளை எடுத்திருக்கிறேன். பத்து வருஷம் இணையத் திரைகளை வடிவமைக்கும் யூ.எக்ஸ். டிசைனராக உழைத்தாயிற்று, கொஞ்ச நாள் நாலு பேருக்கு உபயோகமாக இருக்கலாமே என்றுதான். அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. கம்பெனி திருச்சியிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது, தில்லைநகரில் ஒரு வாடகை மேசை பிடித்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். விளக்கினால் புரியாது. போன் பூட்டியிருக்கும்போதே வந்த செய்தி திரையில் தெரிகிறதே, அதையும் நிறுத்தி வைத்துவிட்டேன். காப்பி டம்ளரை மேசையில் வைக்கிற சாக்கில் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்கிறாள்.

செயலாளர் கிறிஸ்துதாஸ் சார் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் பதினோரு வருஷமாகப் பை உண்டு. முதல் வேலையாக என்னிடம் தன்னார்வலர் படிவம் ஒன்றை நீட்டினார். ‘அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்’ என்று அதில் ஒரு கட்டம். மாடிப்படியில் உருண்டு விழுந்தாலொழிய எனக்கு இங்கே என்ன அவசரம் வரப்போகிறது? அம்மாவின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். தேவையில்லாததைக் கேட்கும் படிவம் கெட்ட படிவம் என்று நான் எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தவள்.

பிப்ரவரி 12, புதன்

சங்கத்தில் எல்லாம் சபீனா அக்கா. சாவி அவரிடம், பேரேடு அவரிடம், பை அடுக்கிய அலமாரி அவரிடம். அவர் கணவருக்குப் பை இருந்ததாம், நாலு வருஷம் முன்பு இறந்துவிட்டார். அதன் பிறகும் இவர் வந்துகொண்டிருக்கிறார். என்னை மேடம் என்று கூப்பிடுகிறார். அந்த மேடத்தில் மரியாதையை விடத் தள்ளி நில் என்பதுதான் அதிகம்.

இன்னொன்றும் கவனித்தேன். சங்க வேலை நேரத்தில் இவர் தையல் கடை நடத்துகிறார். காலை முழுக்க போனில் இதே பேச்சு: “தையல் கடையிலேர்ந்து பேசுறேங்க. உங்க வீட்டுக்காரர் துணி ரெடி. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கச் சொல்லுங்க.” ஒரு மணி நேரத்தில் பதினேழு பேர். நல்ல வியாபாரம்தான். தையல் மிஷினை மட்டும் எங்கேயும் காணோம். வீட்டில் இருக்கும்.

கிறிஸ்துதாஸ் சாரிடம் ஜாடையாகச் சொன்னேன். “சபீனாவா? அந்தம்மா இல்லேன்னா இந்தச் சங்கமே இல்லம்மா” என்று சிரித்தார். இப்படித்தான் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று முதல் உறுப்பினர் பேட்டி. ஒரு தளத்தை வடிவமைக்கும் முன் அதைப் பயன்படுத்துகிறவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். இதை நான் என்றைக்கும் தட்டிக் கழித்ததில்லை.

வந்தவர் குஞ்சிதபாதம். லால்குடிக்காரர், ஐம்பத்திரண்டு வயது, கல்யாணச் சமையல் மாஸ்டர். ஆயிரம் பேர் பந்தி என்றாலும் அசராமல் போடுவாராம். ஆறு வருஷம் முன்பு குடல் புற்றுநோய். அவர் மனைவியையும் எங்கள் சங்கத்தையும் தவிர யாருக்கும் தெரியாது. கூடவே வேலை பார்க்கும் மச்சானுக்குக் கூட, வயிற்றில் ஆபரேஷன் என்ற வரைக்கும்தான்.

“ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? பை வந்தப்புறம் நான் கை கழுவுறது, குளிக்கிறது எல்லாம் முன்னவிடப் பத்து மடங்கு. அத யாருகிட்டப் போயி நிரூபிக்கிறது? மாஸ்டர் வயித்துல இப்படி ஒண்ணு தொங்குதுன்னு ஒருத்தன் காதுல விழுந்தாப் போதும். என் கையால ஒருத்தரும் சாப்பிட மாட்டாங்க. அதோட நான் முடிஞ்சேன்.”

மஞ்சள் ஒட்டுத்தாளில் ‘என் கையால ஒருத்தரும் சாப்பிட மாட்டாங்க’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். கீழே சிவப்பு மையில் ‘ரகசியம் காத்தல் - முக்கியம்’ என்று குறித்துக்கொண்டேன். நல்ல மேற்கோள். என் வேலைகளைக் காட்டும் படத்தொகுப்பில் முதல் பக்கத்தில் வைக்கலாம்.

போகும்போது பைகளைத் துணிப்பையில் போட்டு, மேலே ஒரு உரித்த தேங்காயையும் வெற்றிலைக் கட்டையும் வைத்து மூடினார். “பஸ்ஸுல யாராச்சும் எட்டிப் பாத்தா மளிகன்னு நெனச்சுக்குவாங்க” என்றார். மனுஷன் கெட்டிக்காரர்.

பிப்ரவரி 19, புதன்

கேஸ் சிலிண்டர் வரவில்லை. அம்மா மூன்று முறை போன் போடச் சொன்னாள். ஸ்ரீரங்கத்து அத்தை வந்து, பெங்களூரில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டு எடுக்கிறார்களாமே என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். எங்கள் கம்பெனியில் அப்படியெல்லாம் இல்லை என்றேன்.

பிப்ரவரி 26, புதன்

சங்கத்தில் இருக்கும்போது அம்மா கூப்பிட்டாள். “ஆபீஸ் மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்தேன். தலையைத் தூக்கினால் எதிரில் சபீனா அக்கா, பைகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார்.  மறுபடி எண்ண ஆரம்பித்தார். இவருக்கு அடுத்தவர் பேச்சைக் கேட்கும் வழக்கம் வேறு இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

கண்டுபிடித்தேன். பழைய தளத்தின் குப்பை எங்கிருந்து வருகிறது என்று.

உறுப்பினர் பட்டியலை இறக்கிப் பார்த்தால், அறுநூற்று நாற்பது பேரில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரே கைபேசி எண். துறையூர்க்காரருக்கும் மணப்பாறைக்காரிக்கும் லால்குடி மாஸ்டருக்கும் அதே எண். யாருடையது? சபீனா அக்காவுடையது! பை வந்து இறங்கியதும் தளம் தானாகச் செய்தி அனுப்பும். அந்த இருநூற்றுப் பன்னிரண்டு செய்தியும் உரியவருக்குப் போகாமல் இவர் போனுக்கு வந்து குவிகிறது. தன்னைத் தாண்டி ஈ காக்கை போகக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறார். இப்படிப்பட்டவர்களை எல்லா ஆபீஸிலும் பார்த்திருக்கிறேன்.

நேரடியாகக் கேட்டேன்.

“அக்கா, இத்தன பேருக்கு உங்க நம்பரா?”

“ஆமா மேடம். அத மட்டும் தொடாதீங்க. அது அப்படியே இருக்கட்டும்.”

“ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்தான் இருக்கணும். அப்பத்தான் அவங்களே உள்ள வர முடியும், பாதுகாப்பு.”

“அவங்க கேட்டுத்தான் குடுத்தது. எல்லாம் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கு. நீங்க கலரு, படம் எல்லாம் மாத்துங்க. இத விட்ருங்க.”

கலரு, படம்! பத்து வருஷ அனுபவம் இவருக்கு வர்ணம் பூசுகிற வேலையாகத் தெரிகிறது. வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அம்மா செய்த முருங்கைக்காய்க் கூட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

நிர்வாகக் குழுக் கூட்டம். பதினாறு திரைகளைக் காட்டினேன். கிறிஸ்துதாஸ் சாருக்குக் கண்ணில் நீர். “நம்ம ஆளுங்களுக்கு இவ்வளவு அழகா ஒண்ணு செய்யணும்னு யாருக்குத் தோணிச்சு?” என்றார். ‘தவறான கைபேசி எண்களைச் சரிசெய்தல்’ என்பது நான் எழுதிய தீர்மானத்தில் ஒன்பதாவது வரி. யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்கள். சபீனா அக்கா நோன்பு, சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒன்பதாவது வரியில் வைத்தது தற்செயல்தான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ரம்ஜானுக்காக அக்கா ஒரு வாரம் லீவு. அறை அமைதியாக இருக்கிறது. கல்லூரியில் இருந்து இரண்டு பெண்கள் தன்னார்வலராக வந்தார்கள். அலமாரியில் இருந்த சேர்க்கைப் படிவங்களை இறக்கி, ஒவ்வொன்றிலும் ‘அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்’ என்ற கட்டத்தில் ஆஸ்பத்திரி நாளில் எழுதியிருந்த எண்ணை எடுத்து ஏற்றினோம். மாமனார், மகன், பக்கத்து வீடு, மச்சான். யாருடையதாக இருந்தால் என்ன, குடும்பத்தில் ஒருவருக்குத் தகவல் போனால் போதாதா? மாலைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. பட்டியல் பளிச்சென்று இருந்தது. அந்தப் பெண்களுக்கு லஸ்ஸி வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

செய்தியின் வாசகத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. பழைய செய்தி ‘ஸ்டாக் வந்துள்ளது. மா.வ.ச.’ என்று மொட்டையாக இருந்தது. யாருக்கு என்ன புரியும்? என்னுடையது:

‘வணக்கம் குஞ்சிதபாதம்! உங்கள் ஸ்டோமா (மலப்பை) பைகள் பத்தும் தயார். அளவு 57. சங்கத்தில் பெற்றுக்கொள்ளலாம். அன்புடன், மாற்றுவழி சங்கம்.’

பெயர் சொல்லி அழைக்கிறது, என்ன பொருள், எத்தனை, எங்கே, எல்லாம் ஒரே பார்வையில். இதைவிடத் தெளிவாக எழுத முடியாது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. அம்மா கனி வைத்திருந்தாள். “இந்த வருஷமாவது உனக்கு எல்லாம் நல்லபடியா நடக்கணும்” என்றாள். எனக்கு என்ன குறை என்று கேட்கலாமா என்று பார்த்தேன். கேட்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

புதுத் தளம் திறந்தது. கிறிஸ்துதாஸ் சார் கேக் வெட்டினார். சபீனா அக்கா ஒரு துண்டை வாங்கிக் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டார். பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு என் வேலைகளின் தொகுப்பை அனுப்பினேன். இந்தத் தளம்தான் முதலில்.

ஏப்ரல் 25, வெள்ளி

பைகள் வந்து இறங்கின. காலை பதினொன்றுக்குச் செய்தி போயிற்று. அறுநூற்று இருபத்தேழு பேருக்குச் சேர்ந்துவிட்டது. இதுவரை இந்தச் சங்கம் பார்க்காத எண்ணிக்கை.

அக்கா மேசையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடிக்கடி எடுத்துப் பார்த்தார். “சிக்னல் இல்லையா என்னன்னு தெரியல, ஒண்ணுமே வரக் காணோம்” என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வழிமுறை மாறிவிட்டது என்று மெதுவாகப் புரிந்துகொள்ளட்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

எழுதத்தான் வேண்டுமா என்று இருக்கிறது.

காலையில் படியேறும்போதே சத்தம் கேட்டது. சபீனா அக்கா. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. என்னைப் பார்த்ததும் மேடம் போய்விட்டது.

“என்ன பண்ணி வச்சிருக்க நீ? ஆ? என்ன பண்ணி வச்சிருக்க?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார். வெள்ளிக்கிழமை குஞ்சிதபாதம் மாஸ்டர் லால்குடி மண்டபம் ஒன்றில் நிச்சயதார்த்தச் சமையலில் இருந்திருக்கிறார். படிவத்தில் இருந்த எண் அவர் மச்சானுடையது. மச்சான் காய் நறுக்கிக்கொண்டிருந்தவன், கை ஈரம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் போனைக் கொடுத்து என்னவென்று பார்க்கச் சொல்லியிருக்கிறான். அவர் சத்தமாகப் படித்திருக்கிறார். பெயரோடு. அளவோடு. அடைப்புக்குறிக்குள் நான் தெளிவுக்காகப் போட்டிருந்த அந்தச் சொல்லோடு. படித்தவர் பெண்வீட்டுக்காரர்.

“அவர அடுப்பங்கரையிலேர்ந்து வெளிய நிக்கச் சொல்லிட்டாங்க. ஆக்கின சாம்பார அப்படியே சாக்கடையில கொட்டினாங்களாம். அவரு பாத்துக்கிட்டு நிக்கிறாரு. வைகாசியில ஆறு கல்யாணம் பிடிச்சிருந்தாரு. மூணு நாள்ல அஞ்சு பேரு வேணாம்னுட்டாங்க.”

நான் சொன்னேன்: “அக்கா, உங்க நம்பர் எதுக்குன்னு நீங்க என்கிட்ட சரியாச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேனே! தொடாதன்னு சொன்னேனே! அவங்க கேட்டுக் குடுத்ததுன்னு சொன்னேனே!” பிறகு உட்கார்ந்துவிட்டார். “அந்த மெசேஜ் எனக்கு வரும். நான் பேரேட்டப் பாத்து ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போன் போட்டு, தையல் கடையிலேர்ந்து பேசுறேன், துணி ரெடின்னு சொல்லுவேன். யாரு எடுத்தாலும் துணின்னுதான் நெனப்பாங்க. ஆறு வருஷமா ஒரு வீட்டுலயும் ஒண்ணும் வெளிய வரல.”

அவர் கணவர் யோசித்த ஏற்பாடாம் அது.

இன்னும் இருக்கிறது. துறையூரில் ஒரு மருமகளின் மாமியார் படித்துவிட்டு, அவள் தட்டு டம்ளரைத் தனியாக வைத்துவிட்டாள். இன்று மட்டும் பத்தொன்பது பேர் போன் செய்தார்கள். நாலு பேர் பையே வேண்டாம், பெயரை எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். பை இல்லாமல் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். “துணியக் கட்டிக்குவாங்க” என்றார் அக்கா.

ஏப்ரல் 29, செவ்வாய்

நியாயமாகப் பார்த்தால் தவறு யாருடையது? குழு தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டது. ஒருவரும் படிக்கவில்லை. சங்கத்தின் நடைமுறையை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. தலைக்குள்ளேயே வைத்திருந்தால் வெளியில் இருந்து வருகிறவளுக்கு எப்படித் தெரியும்? சம்பளம் கூட இல்லாமல் மூன்று மாதம் உழைத்தவளைப் பார்த்து ஒருமையில் பேசுவது எந்த ஊர் முறை?

கிறிஸ்துதாஸ் சார் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. “கையெழுத்து என்னுதும்மா. நான்தான் பாத்திருக்கணும்” என்றார். திட்டியிருக்கலாம்.

பழைய எண்ணைத் திரும்பப் போடச் சொன்னார். இருநூற்றுப் பன்னிரண்டையும் மாற்ற நான்கு நிமிடம் ஆயிற்று.

மே 5, திங்கள்

பெங்களூர் கம்பெனியின் இரண்டாம் சுற்று நேர்காணல், வீடியோவில். அம்மாவிடம் முக்கியமான மீட்டிங் என்று சொல்லி அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். படத்தொகுப்பின் முதல் பக்கத்தில் மாஸ்டர் சொன்னது இருந்தது, ஊரையும் பெயரையும் எடுத்துவிட்டு: ‘என் கையால ஒருத்தரும் சாப்பிட மாட்டாங்க.’ எதிரில் இருந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்து, மிகவும் உருக்கமாக இருக்கிறது என்றார்.

ஐந்தாம் பக்கம்: ‘ஒரே எண்ணில் கிடந்த 212 பதிவுகள் சுத்தம் செய்யப்பட்டன.’ அதை நீக்கிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். நேரமில்லை.

தளம் திறந்த பிறகு என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். சில உறுப்பினர்கள் அறிவிப்புகளைப் பற்றிக் கருத்துச் சொன்னார்கள், உடனே சரிசெய்தோம் என்றேன். பொய் ஒன்றும் இல்லை.

மே 10, சனி

லால்குடிக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. சபீனா அக்கா மட்டும், நேற்று பேரேட்டை மூடும்போது, “அவரு வீடு ரயிலடிக்குப் பின்னால” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஓட்டு வீடு. வாசலில் அண்டாக்கள், ஆள் உட்காரும் அளவு வாணலி, கரண்டிகள் எல்லாம் துலக்கிக் கவிழ்த்து வைத்திருந்தது. வைகாசி பிறக்க ஐந்து நாள்தான் இருக்கிறது. இந்நேரம் இதெல்லாம் லாரியில் ஏறியிருக்க வேண்டும்.

மாஸ்டர் வந்து வாங்க என்றார். முகம் வற்றியிருந்தது. நான் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனதை எல்லாம் சொன்னேன். தவறு நடந்துவிட்டது, சரிசெய்துவிட்டோம், இனி நடக்காது. கேட்டுக்கொண்டிருந்தார்.

“வேணும்னா பண்ணீங்க? தெரியாமப் பண்ணதுதான?” என்றார்.

சுவரில் நான் ஒட்டிய மஞ்சள் தாள் ஞாபகம் வந்தது. “ஆமா, தெரியாமத்தான்” என்றேன்.

“மச்சான் தனியாப் போயிட்டான். புதுசா ஆளு சேத்துக்கிட்டானாம். போகட்டும், அவனும் பொழைக்கணும்ல.” வாசல் அண்டாக்களைப் பார்த்துக்கொண்டே, “அந்த சாம்பாரு நல்லா வந்திருந்துச்சும்மா. அதான் எனக்கு ஆறல” என்றார்.

எழுந்தேன். “இருங்க இருங்க, மத்தியான நேரத்துல வந்துட்டு வெறும் வயித்தோட போறதாவது” என்று கையைப் பிடிக்காத குறையாக உட்கார வைத்தார். அவர் மனைவி இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார். வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், சுட்ட அப்பளம். மாஸ்டரே குழம்புக் கரண்டியோடு வந்து நின்றார்.

பசி இல்லை. வெயில் வேறு. வரும் வழியில் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னேன்.

கரண்டி கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. “சரிம்மா” என்றார்.  உள்ளே போய்விட்டார். அவர் மனைவி என் முன்னால் இருந்த இலையை எடுத்து, தண்ணீரை உதறிவிட்டுக் கொண்டு போனார்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன். அது அப்புறம் வந்த பசி.

மே 14, புதன்

வேலை கிடைத்துவிட்டது. ஜூன் இரண்டு சேர வேண்டும். ஆபீஸில் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். சமயபுரத்துக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

மே 17, சனி

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். சங்கத்துக்குப் போகவில்லை.

மே 22, வியாழன்

மூன்று நாளாக ஒரே எண்ணில் இருந்து அழைப்பு. பெயர் போட்டுச் சேமித்ததில்லை, ஆனால் அந்த எண் எனக்கு மனப்பாடம். இருநூற்றுப் பன்னிரண்டு வரிசையில் பார்த்த எண். எடுக்கவில்லை. கிளம்பும் நேரத்தில் இன்னும் என்ன பேச்சு வாங்க வேண்டும்?

மத்தியானம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா போனும் கையுமாக வந்தாள்.

“ஏண்டி, துணி தைக்கக் குடுத்திருந்தியா? சொல்லவே இல்ல?”

“என்ன துணி?”

“எனக்கு என்ன தெரியும்? தையல் கடையிலேர்ந்து ஒரு அம்மா பேசினாங்க. உங்க பொண்ணு துணி ரெடி, ஊருக்குப் போறதுக்குள்ள வந்து வாங்கிக்கச் சொல்லுங்கன்னாங்க. நல்ல மாதிரியாப் பேசினாங்க. யாருடி?”

“சுடிதார்” என்றேன். 

போனேன். படியில் கிறிஸ்துதாஸ் சார் எதிரில் வந்து, எப்போதும் போல வாங்கம்மா என்றார். அக்கா ஜவுளிக்கடைப் பையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். நான் விட்டுப்போன குறிப்பேடு, சுவரில் இருந்து பிரித்தெடுத்த மஞ்சள் தாள்கள், சார் கையெழுத்திட்ட சான்றிதழ். ‘மிகுந்த பொறுப்புடன் பணியாற்றினார்’ என்று எழுதியிருந்தது.

“அக்கா, எங்க வீட்டுல தெரியாதுன்னு உங்களுக்கு எப்படி...”

“மீட்டிங்ல இருக்கேன்னு உங்கம்மாகிட்ட சொன்னியே, அன்னிக்கே தெரியும்.” பை கட்டுகளை எண்ணிக்கொண்டே பேசினார். “நீ போன எடுக்கல. ஃபாரத்துல அம்மா நம்பர் இருந்துச்சு. அதுக்காக, சங்கத்துலேர்ந்து பேசுறேன்னு அப்படியே போட்டு உடைச்சிருவாங்களா ஒருத்தங்க?”

 மாஸ்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“நேத்து வந்தாரு. தேங்கா கொண்டு வரல. பைய அப்படியே கையில எடுத்துக்கிட்டுக் கீழ எறங்கிட்டாரு. மேல ஏதாச்சும் வச்சு மூடிட்டுப் போங்கண்ணேன்னு சொன்னேன். இனிமே யாருகிட்ட மறைக்க, சபீனான்னு கேட்டாரு.”

அவர் போன் அடித்தது. எடுத்து, “தையல் கடைங்க” என்று ஆரம்பித்தார். நான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

இந்த நோட்டை அம்மா படிக்க மாட்டாள். யாருக்காக இத்தனை நாள் இதில் ஒளித்தேன் என்று தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

இடைவேளை நான் எடுத்ததில்லை. ஜனவரி 17 காலை பத்து மணிக்கு, பன்னிரண்டு நிமிட வீடியோ அழைப்பில் என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்தச் செய்தி அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான் போன் திரையில் எழுத்து வராமல் செய்தேன். தீர்மானத்தில் அந்த வரியை ஒன்பதாவதாக வைத்தது யார் கண்ணிலும் படக் கூடாது என்றுதான், அதுவும் அக்கா கிளம்பிப் போகும் நேரம் பார்த்து. மாஸ்டர் சொன்னது எனக்குத் தெரியும். என் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தேன்.

லால்குடிக்குப் போன அன்று காலையில் இருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வத்தக்குழம்பு வாசனை வாசல் வரைக்கும் வந்தது. எனக்கு நல்ல பசி.